நாலு போர்ட், 500 மில்லி ஆம்பியர்

ஆதார் பதிவு மையத்தில் பத்து விரல் ரேகையும் மூன்று தடவையாகப் பதிவாகும். முதலில் ஒரு கையின் நான்கு விரல், அடுத்து மறு கையின் நான்கு, கடைசியில் கட்டைவிரல் இரண்டும். இவற்றோடு கருவிழி, முகப் படம். ரேகைக் கருவி, கருவிழிக் கருவி, கேமரா, ஜிபிஎஸ் கருவி என்று வரிசையாக யூஎஸ்பி வயர்கள். லேப்டாப்பில் இருப்பதோ இரண்டு மூன்று போர்ட். அதனால் மேஜைக்கு ஒரு ஹப் வந்துசேர்கிறது, சிக்கலும் அதோடு வருகிறது.

திருத்தணி போன்ற எல்லையோர ஊரில், தமிழும் தெலுங்கும் கலந்து கேட்கும் வரிசையில், ஒரு பெரியவரின் முறை வருகிறது. நாலு விரலையும் அழுத்தி வைக்கிறார். கருவியின் வெளிச்சம் ஒரு கணம் மங்குகிறது. கம்ப்யூட்டர் ‘டுடுங்’ என்கிறது. ‘கையைத் துடைச்சிட்டு இன்னொரு தரம் வைங்க தாத்தா’ என்பார் ஆபரேட்டர். உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை பதியாமல் போவது உண்டுதான். ஆனால் கருவியே அணைந்து எரிந்தால், தாத்தாவின் விரலைக் குறை சொல்வதில் நியாயமில்லை. முதலில் பார்க்க வேண்டியது ஹப்பை.

யூஎஸ்பி முறை 1996-ல் வந்தது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், பரோடாவில் படித்து அமெரிக்காவின் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட். தகவலோடு மின்சாரமும் ஒரே வயரில் போகலாம் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் அந்த மின்சாரம் அளவோடுதான் கிடைக்கும். 2000-ல் வந்த யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். அடாப்டர் இல்லாத ஹப் அதில் 100-ஐத் தனக்கு எடுத்துக்கொள்ளும். மீதி 400-ஐ நாலு போர்ட்டுக்குப் பிரித்தால் தலைக்கு 100. அப்படிப்பட்ட ஹப்புக்கு விதி அனுமதித்தது நாலு போர்ட்தான் என்பதற்கு இந்தக் கணக்கே காரணம். 2008-ல் வந்த யூஎஸ்பி 3.0 வரம்பை 900-ஆக உயர்த்தியது.

மவுஸுக்கும் கீபோர்டுக்கும் 100 தாராளம். சுழலும் தட்டு உள்ள கையடக்க ஹார்ட் டிஸ்க்கோ கிளம்பும் நேரத்தில் ஒரு ஆம்பியரைக்கூட நெருங்கும். கிடைக்காவிட்டால் ‘டிக், டிக்’ என்று அடித்துக்கொண்டே கிடக்கும், கம்ப்யூட்டரில் தெரியாது.

ஒவ்வொரு கருவியும் செருகியவுடன் தனக்கு எவ்வளவு தேவை என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. வரம்பு தாண்டினால் கம்ப்யூட்டர் மறுக்கலாம். மலிவு ஹப்புகள் சில இங்கேதான் புளுகுகின்றன. அடாப்டரே இல்லாமல் ‘எனக்குத் தனி மின்சாரம் இருக்கிறது’ என்று அறிவித்துவிடும். கம்ப்யூட்டரும் நம்பி எல்லாவற்றையும் அனுமதிக்கும். கருவிகள் ஒரே நேரத்தில் இழுக்கும்போது 5 வோல்ட் இறங்கும், வலுக் குறைந்த கருவி முதலில் விழும். ‘ஹப்புல எதுவோ லூஸ் கனெக்ஷன்’ என்று வயரை ஆட்டிப் பார்ப்பவர்கள் பலர். ஆட்டி என்ன பயன்?

கடையில் ‘எத்தனை போர்ட்?’ என்று மட்டும் கேட்காமல், ‘அடாப்டர் கூட வருதா, எத்தனை ஆம்பியர்?’ என்றும் கேட்க வேண்டும். அடாப்டர் செருகத் துளை இருக்கும், பெட்டியில் அடாப்டர் இருக்காது. அப்படியும் விற்கிறார்கள். யூஎஸ்பி 3.0 ஹப்பின் நாலு போர்ட்டுக்கும் முழு 900 கிடைக்க வேண்டுமானால் மூன்றரை ஆம்பியருக்கும் சற்று மேல் வேண்டும். 5 வோல்ட், 4 ஆம்பியர் அடாப்டர் சரியாக இருக்கும். 2 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தால் பாதிக்கணக்குத்தான்.

இன்னொன்று, கரண்ட் கட். மின்சாரம் போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஓடும். ஆனால் ஹப்பின் அடாப்டர் சுவர் பிளக்கில் இருந்தால் அது அப்போதே செத்துவிடும். சில ஹப்புகள் மறுபடி லேப்டாப்பின் 500-க்கே கையேந்தும், சில மொத்தமாகத் துண்டித்துக்கொள்ளும். பாதியில் நின்ற பதிவை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் வைத்திருக்கும் மையத்தினர், ஹப்பின் அடாப்டரையும் இன்றே அந்த யூபிஎஸ்ஸில் மாற்றிச் செருகிவிடுங்கள்.