கியர் அறையில் புகும் நீர்

அவுட்போர்டு மோட்டாரைப் பற்றிப் பேசும்போது நாம் அதன் தலைப்பகுதியையே பெரிதாக எண்ணுகிறோம். எரிபொருள் எரிவதும் ஓசை எழுவதும் அங்கேதான். ஆனால் படகு ஓடும் நேரமெல்லாம் உப்புநீரில் மூழ்கி உழைப்பது அடியிலுள்ள கியர் அறை. அதன் பற்சக்கரங்களும் பேரிங்குகளும் எண்ணெயில் தோய்ந்திருக்கும் வரையில்தான் நிலைக்கும். அந்த எண்ணெயில் கடல்நீர் கலந்தால் துரு ஏறும். ஒருநாள் கரை தெரியாத இடத்தில் புரொப்பெல்லர் நின்றுபோகும். குமரிக் கரையிலிருந்து கொச்சிக்கும் மங்களூருக்கும் கடல்தொழிலுக்குச் சென்றுள்ள நம்மவர்க்கு, பழகிய மெக்கானிக் அருகில் இல்லாத துறையில் இது பெருந்தொல்லை. ஆகவே நோயை நாமே அறியும் வழியைப் பார்ப்போம்.

முதற் சோதனைக்குத் திருப்புளி ஒன்று போதும். மோட்டாரை ஓரிரவு நிமிர்த்தி வைக்க வேண்டும். நீர் எண்ணெயைவிடக் கனமானது, அடியில் தங்கும். காலையில் கீழ்த் திருகைச் சிறிதே தளர்த்தும்போது முதலில் நீர் சொட்டுமாயின் ஐயத்துக்கு இடமில்லை. எண்ணெய் பால்விட்ட காப்பிபோல் வெளுத்திருந்தாலும் பெரும்பாலும் அப்படியே கொள்ளலாம். 'பெரும்பாலும்' என்றதற்குக் காரணம் உண்டு. ஓடி நின்ற மோட்டாரின் எண்ணெயில் காற்றுக் குமிழிகள் கலந்து, அதுவும் வெளுத்துத் தோன்றும். கண்ணாடிக் குப்பியில் ஒருநாள் வைத்தால் குமிழி நீங்கி எண்ணெய் தெளியும். நீர் கலந்ததோ கலங்கியே நிற்கும். அல்லது அடியில் நீர் பிரிந்திருக்கும்.

நீர் உண்டென்று கண்டதும் சிலர் எண்ணெயை மட்டும் மாற்றிக்கொண்டு கடலுக்குப் போய்விடுகிறார்கள். வேறு சிலர் எல்லாச் சீல்களையும் பிடுங்கிப் புதியன போடுகிறார்கள். முன்னது நோயை மறைப்பது. பின்னது பணத்தை இறைப்பது. இறைத்த பின்பும் ஒழுக்கு நில்லாமற் போவதுண்டு. நீர் புகும் வாயில் எதுவென்று காண்பதே முறை.

அதற்கு எண்ணெயை வடித்து, கியர் அறையைக் கழற்றி, ஒரு திருகுத் துளையை மூடி, மற்றதில் அழுத்தமானியுடன் கூடிய கைப்பம்பை இணைத்துக் காற்றடைக்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அளவே பெரும்பாலும் போதும். கையேடு குறிக்கும் எல்லையைத் தாண்டினால் நல்ல சீலும் கெட்டுவிடும். அழுத்தமானியின் முள் இறங்காமல் சில நிமிடம் நிற்க வேண்டும். இடையே இரு தண்டுகளையும் கையால் சுழற்றி, கியர் மாற்றும் கம்பியையும் அசைத்துப் பார்க்க வேண்டும். அசையாதபோது அடைத்து நிற்கும் சீல், அசையும்போது விட்டுவிடும். முள் இறங்கினால் அறையை நீர்த்தொட்டியில் மூழ்கவிடுக. குமிழி எழும் இடமே வாயில்.

புரொப்பெல்லர் தண்டருகே குமிழி எழுந்தால் முதலில் தங்கூசி இழையைத் தேட வேண்டும். அறுந்த இழை தண்டில் சுற்றிச் சூட்டில் இறுகிச் சீலின் உதட்டை அறுத்துவிடும். அங்கே தண்டில் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் நெடுநாள் தாங்காது. தண்டையே கவனிக்க வேண்டும். செங்குத்துத் தண்டின் சீல் நீர்ப்பம்புக்கு அடியில் இருக்கிறது. பம்பைக் கழற்றாமல் அது கண்ணுக்குப் படாது. திருகுகளின் வாஷரை மறக்கலாகாது. பழைய வாஷரையே மீண்டும் மீண்டும் போடுவது நம்மிடையே மிகுதி. இத்தனை சிறிய பொருளுக்குச் சிக்கனம் பார்ப்பானேன்?

காற்றடைத்தால் ஒழுகாத அறையிலும் நீர் புகுவதுண்டு. ஓடிச் சூடேறிய அறை நீரில் நின்று குளிரும்போது உள்ளே அழுத்தம் தாழ்ந்து நீரை இழுக்கிறது. ஆதலால் காற்றை உறிஞ்சியும் ஒருமுறை சோதிப்பது நன்று.

பழுது நீங்கியதும் எண்ணெயைக் கீழ்த்துளை வழியே ஏற்ற வேண்டும். மேல்துளையில் வழிந்த பிறகு மேல் திருகை முதலிலும் கீழ்த் திருகைப் பின்னரும் இறுக்க வேண்டும். சில மணிநேரம் ஓட்டியபின் மீண்டும் ஒரு துளி எடுத்துப் பார்க்க வேண்டும். உடனே பழுதுபார்க்க இயலாவிடில், நீர் கலந்த எண்ணெயை அறையில் ஓரிரவுகூடத் தங்கவிடாமல் வடித்துப் புது எண்ணெய் நிரப்பிக் கரையிலேயே வைத்திருப்போம்.