ஐயம் தெளியும் வரை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



முடிவெடுக்க இயலாமல் ஐயம் எழும்போது காத்திருத்தல் குறித்துச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த உ.வே. சாமிநாதையர், அவருடைய தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்தார். நூல் அச்சேறி வெளிவந்தது 1887இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வாளா இருந்தாரல்லர். சமண சமயக் கருத்துகள் விளங்காத இடங்களில் ஊகத்தால் பொருள் கொள்ளாமல், அவ்வூர்ச் சமணர்களை நாடிச் சென்று கேட்டுத் தெளிந்தார், ஏடுகளைத் தேடினார், பாடங்களை ஒப்பிட்டார். மணிமேகலையிலும் அவ்வாறே. கல்லூரியில் உடன் பணியாற்றிய ரங்காசாரியாரின் துணையால் பௌத்தக் கருத்துகளைக் கற்றுத் தெளிந்த பின்னரே 1898இல் அதனை வெளியிட்டார்.

இத்தகைய காத்திருத்தல் வேறு, சோம்பல் வேறு. வள்ளுவரும் மடியின்மைக்கு ஓர் அதிகாரமும் காலமறிதலுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். ஐயம் தீர்வதற்கான வேலையைச் செய்துகொண்டிருந்தால் அது காத்திருத்தல். ஐயத்தைக் காரணம் காட்டி ஒன்றும் செய்யாதிருந்தால் அது மடி.

அந்தப் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. என் முதல் தொகுப்பு அச்சிலிருந்தபோது, தந்தையாரைப் பற்றிய கவிதையில் ஓர் அடி என்னை உறுத்தியது. அது உண்மையா, வெறும் சினமா என்பது எனக்கே தெளிவாகவில்லை. மெய்ப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுதும் தயங்கினேன். வெளியீட்டு விழாவுக்கு நாள் குறித்தாயிற்றே என்று மறுநாள் காலையில் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். தந்தையார் அந்தப் பக்கத்தைப் படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் மறைந்த பின்னரே அது சினம்தான் என்று உணர்ந்தேன். இரண்டாம் பதிப்பில் அந்த அடியை நீக்கினேன். அவர் படித்தது முதற்பதிப்பையல்லவா?

இளங்கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதத் தயங்காதீர்கள். ஆனால், எழுதியதில் ஒரு சொல் உறுத்துமானால், வெளியிடுமுன் ஒரு திங்கள் பொறுத்திருங்கள். அந்தத் திங்களில் அதை மீண்டும் மீண்டும் படியுங்கள். யாரைப் பற்றி எழுதினீர்களோ அவரோடு அமர்ந்து பேசுங்கள். விழா நாளைத் தள்ளி வைத்தால் யாருக்கும் பெரிய இழப்பில்லை.