பெருக்கினால் சுழியம்

வீட்டில் நான்காம் படிவம் படிக்கும் பிள்ளை இருந்தால் வானொலிக்குப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

நம் நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே 'பெர்சாமாஆன் குவாட்ராதிக்' என்ற பெயரைக் கேட்டதும் சிலர் மிரண்டுவிடுகிறார்கள். தமிழில் அது இருபடிச் சமன்பாடு.

பகாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றிலிருந்து நம் பழைய மாணவன் ஒருவன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். "சார், எனக்குக் கணக்கு வராது. படிப்பை விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றான். வாங்கிப் பார்த்தோம்.

ஒரு காய்கறித் தோட்டம். அகலத்தைவிட நீளம் 3 மீட்டர் அதிகம். பரப்பளவு 40 சதுர மீட்டர். அகலம் எவ்வளவு? இதுதான் கேள்வி.

அகலத்தை எக்ஸ் என்று வைத்து,

எக்ஸ் × (எக்ஸ் + 3) = 40

என்று எழுதியிருந்தான். அதுவரை சரி. அடுத்த வரியில், "எக்ஸ் = 40, அல்லது எக்ஸ் + 3 = 40" என்று எழுதி, விடை 40, 37 என்று முடித்துவிட்டான்.

"தம்பி, உங்கள் வீட்டுக்குப் பின்னால் 40 மீட்டர் அகலத்தில் கீரை போட இடமிருக்கிறதா?" என்று கேட்டோம். சிரித்துவிட்டான். அகலம் 40 என்றால் நீளம் 43. பெருக்கினால் 1,720. கேள்வியில் இருப்பதோ வெறும் 40!

பையனிடம் மூளைக்குக் குறைவில்லை. விதியைப் பாதி கேட்டிருக்கிறான். மீதியை இப்போது பார்ப்போம்.

பெரியவர்களுக்குப் பால்மரக் காலம் நினைவிருக்கும். எல்லா மரமும் ஒரே அளவு பால் தருவதாக வைத்துக்கொள்வோம். வெட்டிய மரங்களின் எண்ணிக்கையை ஒரு மரத்துப் பாலின் அளவால் பெருக்கினால் மொத்தப் பால் கிடைக்கும். மொத்தம் 12 என்று மட்டும் சொன்னால் நமக்கு என்ன தெரியும்? மூன்று நான்காக இருக்கலாம், இரண்டு ஆறாக இருக்கலாம். ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மொத்தம் சுழியம் என்றால்? மழை பெய்து ஒரு மரமும் வெட்டவில்லை. அல்லது வெட்டிய மரம் பால் தரவில்லை. இரண்டில் ஒன்றாவது சுழியமாகத்தான் இருக்கவேண்டும்.

இந்த உறுதியைத் தருவது சுழியம் மட்டுமே. 40 தராது, வேறு எந்த எண்ணும் தராது.

எந்த எண்ணையும் சுழியத்தால் பெருக்கினால் சுழியமே என்று பிரம்மகுப்தர் கி.பி. 628இல் எழுதிவைத்தார். ஆயிரம் ஆண்டு கழித்து, 1631இல் அச்சான ஆங்கிலேயர் தாமஸ் ஹாரியட்டின் நூல், காரணிகளைப் பெருக்கிச் சமன்பாடுகள் உண்டாவதைக் காட்டியது. நம் பிள்ளை கற்பது இத்தனை பழைய சொத்து.

ஆகவே முதல் வேலை, 40ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்து, மறுபக்கத்தில் சுழியத்தை நிறுத்துவது. எக்ஸை உள்ளே பெருக்கி விரித்தால்,

எக்ஸ் வர்க்கம் + 3 எக்ஸ் − 40 = 0

பெருக்கினால் 40, கழித்தால் 3 வரும் இரண்டு எண்கள் எவை? எட்டும் ஐந்தும்.

(எக்ஸ் + 8) × (எக்ஸ் − 5) = 0

இப்போது விதி பேசும். எக்ஸ் + 8 சுழியமானால், எக்ஸ் = −8. எக்ஸ் − 5 சுழியமானால், எக்ஸ் = 5. சமன்பாட்டுக்கு இரண்டுமே விடை. தேர்வில் இரண்டையும் எழுதவேண்டும். ஆனால் தோட்டத்தின் அகலம் கழித்தல் எண்ணாக இருக்க முடியாது. ஆகவே அகலம் 5 மீட்டர், நீளம் 8 மீட்டர்.

பெற்றோர்களே, "நாங்கள் இதெல்லாம் படிக்கவில்லையே" என்று ஒதுங்கிவிடாதீர்கள். பிள்ளை விடை கண்டதும், "அதைக் கேள்வியில் போட்டுப் பார்த்தாயா?" என்று மட்டும் கேளுங்கள். ஐயெட்டு நாற்பது என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்த ஒரு கேள்வியைக் கேட்க வீட்டில் ஆள் இருந்திருந்தால், அந்தப் பையன் அன்றைக்கே தன் தவற்றைக் கண்டிருப்பான். தனக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டியிருக்கமாட்டான்.

அவன் இன்னும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறான். இன்றைக்கு உங்கள் பிள்ளைக்கு ஒரு கணக்கு: அகலத்தைவிட நீளம் 2 மீட்டர் அதிகம், பரப்பளவு 48 சதுர மீட்டர். அகலம் எவ்வளவு? விடையைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.