இந்தத் துறை வழியே வந்த பிள்ளைகள்

(தலைமன்னாரில் நடைபெற்ற இளந்தொழிலாளர் பயிலரங்கில் சங்கத்தின் கல்விப் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பயிலரங்கை அட்டனில் வைத்திருக்கலாம், கண்டியில் வைத்திருக்கலாம், ஏன் இவ்வளவு தூரம் என்று சிலர் கேட்டார்கள். நம் பாட்டன் பாட்டிமார் இந்த நாட்டில் முதன்முதலாகக் கால் வைத்தது இந்தக் கரையில்தான். தலைமன்னார், பேசாலை, வங்காலை, அரிப்பு என்று நீளும் இந்தக் கரையோரத்தில் தோணிகளில் வந்து இறங்கி, காடு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். ஏறத்தாழ 150 மைல். கொலரா, காய்ச்சல், பசி, தாகம் எல்லாம் வழித்துணையாக வந்தன. நடக்க முடியாதவர்கள் வழியோரத்திலேயே விடப்பட்டார்கள். 2023-ல், 200 ஆண்டு நினைவாக, நம் மக்கள் இதே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தார்கள். அது வெறும் சடங்கல்ல. வழியில் புதைந்தவர்களுக்கு நாம் கட்ட வேண்டிய கடனில் ஒரு பங்கு.

1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. ரயில் பாதையும் வந்தது. நடைப்பயணம் முடிந்தது. ஆனால் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைத்து, மருந்தடித்து, எண்ணி அனுப்பும் முறை தொடங்கியது.

1924-ல் இந்தப் பாதையில் பல்லாயிரம் பேர் வந்தார்கள். அந்த ஆண்டு இந்தியாவிலிருந்து மலைநாட்டுக்கு வந்த ஒரு சிறுவனைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அவன் பெயர் சௌமியமூர்த்தி. பின்னாளில் நாடே தொண்டமான் என்று அழைத்தது.

தலைவரைப் பற்றிய பேச்சு என்றால் அமைச்சர் பதவி, ஒப்பந்தம், மாலை மரியாதை என்று போவது வழக்கம். அதை இன்று விட்டுவிடுவோம். அவருடைய குடும்பமும் பிள்ளைப் பருவமும் நமக்கு என்ன சொல்கின்றன என்பதை மட்டும் பார்ப்போம்.

அவர் 1913 ஆகஸ்ட் 30-ல், இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ள முனப்புதூரில் பிறந்தார். அது வானம் பார்த்த சீமை. கண்மாய் நிறைந்தால் சோறு, நிறையாவிட்டால் கடன். தோட்டங்களுக்கு ஆள் போனதெல்லாம் இப்படிப்பட்ட ஊர்களிலிருந்துதான். மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் என்று நம் வீடுகளில் இன்றும் சொல்லும் ஊர்ப் பெயர்களை நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மரபோடு தங்களுக்குத் தொடர்பு உண்டு என்று அவருடைய குடும்பம் சொல்லிவந்தது. மரபு எதுவாக இருந்தாலும், தந்தை கருப்பையா இலங்கைக்கு அரசனாக வரவில்லை. பிழைப்புத் தேடி, தோட்டத்தில் உழைக்க வந்தார்.

உழைக்க வந்த கருப்பையா கங்காணியானார். பிறகு இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்துக்கே சொந்தக்காரரானார். ஒரு தொழிலாளி தேயிலைத் தோட்டத்தை விலைக்கு வாங்குவது அந்தக் காலத்தில் எப்படி நடந்தது? இளையவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எனவே கங்காணி முறையைக் கொஞ்சம் விளக்குவோம்.

துரைக்கு ஆள் வேண்டும். கங்காணி தன் ஊருக்குப் போவார். தன் உறவையும் சாதிசனத்தையும் பேசித் திரட்டுவார். வழிச் செலவுக்கும் பழைய கடனை அடைக்கவும் முன்பணம் கொடுப்பார். அந்தப் பணம் ஆளின் பெயரில் கடனாக ஏறும். வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் நாளொன்றுக்கு இத்தனை சதம் என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைக்கும். தோட்டம் மாற வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். இந்த ஆளின் கடன் இவ்வளவு, இதைக் கட்டிவிட்டு அழைத்துக்கொள்ளலாம் என்று எழுதிய கடதாசிதான் அது. ஆளைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றும் சீட்டு. 1921-ல் சட்டம் துண்டை ஒழித்தது, கடனை ஒழிக்கவில்லை.

ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் கங்காணி காவலாகவும் இருந்தார், விலங்காகவும் இருந்தார். நோய் வந்தால் துரையிடம் பேசியவர் அவர். கலியாணம், கருமாதிக்கு முன்னால் நின்றவர் அவர். கடன் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவரும் அவர்தான். இந்த அமைப்புக்குள்தான் ஒரு சிலர் உயர்ந்தார்கள். அப்படி உயர்ந்தவர்களில் கருப்பையாவும் ஒருவர். இதை மூடி மறைத்துப் பேசினால் நம் வரலாறு நமக்கே விளங்காது.

மகன் முதல் பத்து ஆண்டுகளை ஊரில் கழித்தான். தந்தை கடல் கடந்து மலையில். பிள்ளை ஊரில். இந்தப் பிரிவு நமக்குப் புதிதல்ல. அன்று தகப்பன் இலங்கையில், பிள்ளை இந்தியாவில். இன்று தாய் குவைத்திலும் சவூதியிலும், பிள்ளை லயத்தில் பாட்டியிடம். கடிதத்துக்காகக் காத்திருந்த அந்தப் பிள்ளையையும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தப் பிள்ளையையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இலங்கைக்கு வந்த சிறுவன் கம்பளை சென் அன்ட்ரூஸ் கல்லூரியில் சேர்க்கப்பட்டான். அதே நாட்களில் தோட்டப் பாடசாலை என்றால் பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முற்றும். கை கொழுந்தை எட்டும் உயரம் வந்துவிட்டால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. மறுநாள் பிரட்டுக்களத்தில் பெயர் விழும். தோட்டத்துக்குச் சொந்தக்காரரின் மகனுக்கு ஒரு கதவு திறந்தது. அதே தோட்டத்தில் கூடை சுமந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது திறக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க 1970-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். மலைநாட்டுக்கும் வந்தார். தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். பதினான்கு வயது மாணவனின் மனதில் அரசியல் விதை விழுந்தது அப்போதுதான். தந்தையின் உடல்நலம் குன்றியதால் இளம் வயதிலேயே தோட்ட நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. 1939 ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்தபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. அதன் கம்பளைக் கிளைக்கு அவர் தலைவரானார். 1940-ல் தொழிற்சங்கம் உருவானது. 1945-ல் அவர் காங்கிரசின் தலைவர். பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும்.

தோட்டச் சொந்தக்காரரின் மகன் தொழிலாளர் தலைவராக இருக்கலாமா என்ற கேள்வி அவர் உயிரோடு இருந்தபோதே எழுந்தது. இடதுசாரிகள் கேட்டார்கள், போட்டிச் சங்கங்கள் கேட்டன. கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேட, கொஞ்சம் கடல் கடந்து போவோம்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய வீரர் ஹோசே ரிசால். 1861 ஜூன் 19-ல் கலம்பா என்ற ஊரில் பிறந்தவர்; பதினொரு பிள்ளைகளில் ஏழாவது. அவருடைய தந்தை வழி முன்னோர் ஒருவர் சீனாவிலிருந்து பிழைக்க வந்தவர். அவரும் நம்மைப் போல வந்தேறு குடிதான். ரிசாலின் பெற்றோர் ஏழைகள் அல்லர். கல்வீடு இருந்தது, புத்தகங்கள் இருந்தன. ஆனால் அவர்கள் பயிரிட்ட நிலம் அவர்களுடையது அல்ல. ஊரே டொமினிக்கன் துறவிகளின் பெருந்தோட்டம், அவர்கள் குத்தகைக்காரர்கள். எவ்வளவு வசதியாக வாழ்ந்தாலும் காலடி மண் இன்னொருவருடையது.

பிள்ளைக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தவர் தாய் தெயோதோரா. ரிசாலுக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும்போது அந்தத் தாயின் மேல் பொய்க் குற்றம் சாட்டி, ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரம் நடக்க வைத்துச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டரை ஆண்டு உள்ளே இருந்தார். 1872-ல் மூன்று பாதிரியார்களை ஸ்பானிய அரசு கொன்றது. அவர்களில் ஒருவருக்கு ரிசாலின் அண்ணன் பசியானோ நெருக்கமானவர். அதனால் குடும்பப் பெயரான மெர்க்காதோவை விட்டு, தம்பியை ரிசால் என்ற பெயரில் பள்ளிக்கு அனுப்பினார்கள். பெயரை மாற்றினால்தான் பிள்ளைக்குப் படிப்பு என்ற நிலை. கலவர நாட்களில் பெயரை மாற்றிச் சொல்லி உயிர் தப்பிய நம் குடும்பங்களுக்கு இது விளங்கும்.

பின்னர் கலம்பா மக்கள் உயர்ந்துகொண்டே போன குத்தகையை எதிர்த்தார்கள். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடும்பம் குடும்பமாக வெளியேற்றப்பட்டார்கள். ரிசாலின் பெற்றோர் வீடும் போனது. 1896 டிசம்பர் 30-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. பிறந்த வீடு ஒருவருக்குக் கதவைத் திறக்கலாம். திறந்த கதவு வழியே போனவர் யார் பக்கம் நின்றார் என்பதை வீடு தீர்மானிப்பதில்லை. அந்தக் கேள்வியை ரிசாலிடமும் கேட்கலாம், தொண்டமானிடமும் கேட்கலாம், இன்றைய தலைவர்கள் எல்லோரிடமும் கேட்க வேண்டும். கேட்பது அவமரியாதை அல்ல. சந்தா கட்டுகிறவரின் உரிமை அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1940 ஜனவரி 10-ல் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிஸ் சுட்டு இறந்தவர் கோவிந்தன். சங்கத்துக்காக உயிர் கொடுத்த முதல் தொழிலாளி என்று அவரை ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூருகிறோம். அவர் எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம்? எத்தனை வயதில் மலை ஏறினார்? தாய் அவரை எப்படி அழைத்தார்? தலைவரின் பிள்ளைப் பருவம் புத்தகத்தில் இருக்கிறது. கோவிந்தனுக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த வீட்டின் கதை நிற்கும். கைநாட்டு வைத்த வீட்டின் கதை காற்றோடு போகும்.

குடும்ப வரலாறு எழுதுவது ஓய்வு நேர வேலை என்று நினைக்காதீர்கள். அது இல்லாததற்கு நாம் கொடுத்த விலை பெரிது. 1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? இங்கே பிறந்தால் மட்டும் போதாது. உன் தகப்பன் இலங்கையில் பிறந்தவன் என்று காட்டு, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவனுக்குப் பதிவு எங்கே? பாட்டன் பெயரைத் துரையின் செக்ரோலில் எப்படி எழுதினார்களோ, யார் கண்டது? 1947-ல் நமக்கு நாடாளுமன்றத்தில் ஏழு உறுப்பினர்கள் இருந்தார்கள், தொண்டமானும் அவர்களில் ஒருவர். 1952 தேர்தலில் ஒருவரும் இல்லை. கடதாசி இல்லாததால் ஒரு சமூகமே நாடற்றதானது.

1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு தலைநகரங்களில் இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். நம்மை யாரும் கேட்கவில்லை. மலையிலிருந்து அழுகைக் கோச்சி புறப்பட்டு, இந்தத் தலைமன்னாருக்குத்தான் வந்தது. அக்காளை ஏற்றிவிட்டுத் தங்கை திரும்பினாள். பாட்டன் வந்து இறங்கிய கரையிலேயே பேரன் கப்பல் ஏறினான். போனவர்கள் நீலகிரியிலும் பிற இடங்களிலும் மீண்டும் தேயிலைக்குள் நின்றார்கள். 1977-லும் 1983-லும் அடிபட்டவர்கள் வன்னிக்கும் இந்த மன்னார்ப் பெருநிலத்துக்கும் வந்து காடு வெட்டினார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். நீங்கள் விருந்தினர் அல்ல, எங்கள் இரத்தம்.

நாடற்ற நிலை 1988, 2003 சட்டங்களோடு தீர்ந்தது. காணி தீரவில்லை. லயக் காம்பராவுக்கு இன்றும் பலருக்கு உறுதி கிடையாது. ரிசாலின் பெற்றோர் போல நாமும் பிறர் மண்ணில்தான் பானை வைக்கிறோம். நாளை காணிக்கு விண்ணப்பிக்கும்போது மறுபடியும் கேட்பார்கள்: எத்தனை தலைமுறையாக இருக்கிறீர்கள், என்ன ஆதாரம்?

ஆகவே பயிலரங்கு முடிந்து போகும் ஒவ்வொருவருக்கும் மூன்று வேலை தருகிறோம்.

ஒன்று: உங்கள் வீட்டு மூத்தவரிடம் உட்கார்ந்து, அவர் பெயர், அவருடைய தாய் தகப்பன் பெயர், வந்த ஊர், இருந்த தோட்டங்கள், இறந்தவர்களைப் புதைத்த இடம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பாட்டிமாரை முதலில் கேளுங்கள். சட்டம் தகப்பன் வழியை மட்டும் கேட்டது. நினைவு பெரும்பாலும் தாய் வழியில்தான் இருக்கிறது.

இரண்டு: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பழைய பற்றுச்சீட்டு, சேமலாப நிதிச் சீட்டு, சங்கச் சந்தாத் துண்டு என எந்தத் தாளையும் எறியாதீர்கள். படம் பிடித்து ஒரு பிரதியைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். எழுத்துப் பிழை உள்ள பெயர்களை இப்போதே திருத்த விண்ணப்பியுங்கள். மாவட்டக் காரியாலயத்தில் உதவி கிடைக்கும்.

மூன்று: உங்கள் லயத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கும் பிள்ளையைக் கண்டால் தோட்டக் கமிட்டியில் பெயரோடு சொல்லுங்கள். கம்பளையில் அன்று ஒரு சிறுவனுக்குத் திறந்த கதவு, வேவண்டனில் கொழுந்து எடுத்தவளின் பிள்ளைக்கும் திறக்க வேண்டும். அதற்காகத்தான் சங்கம்.

தலைவர்களுக்குச் சிலை உண்டு, முத்திரை உண்டு. நம் பாட்டன் பாட்டிக்கு நாம்தான் உண்டு. கொப்பிகளோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். தோட்டம் தோட்டமாகச் சேர்த்து, இந்த இதழில் தொடர்ந்து வெளியிடுவோம்.