புறப்பாடத்தைப் புறக்கணிக்கலாமா?



கிள்ளான், பூச்சோங், ரவாங், சுங்கைப் பட்டாணி, ஸ்கூடாய் என மலேசியாவின் எந்தப் புறநகரை எடுத்துக் கொண்டாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். வரிசை வரிசையாகத் தாமான் வீடுகள், அவற்றை ஒட்டி மலிவு விலை அடுக்குமாடிகள், இவற்றுக்கு நடுவே ஒரு தேசிய இடைநிலைப்பள்ளி. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் அங்கிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பெருமளவில் பயில்வது இத்தகைய பள்ளிகளில்தான்.

இப்பள்ளிகள் பலவற்றில் புதன்கிழமை பிற்பகல் புறப்பாட நடவடிக்கைகளுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. பாடவேளை முடிந்ததும் சாரணர்கள் திடலில் அணிவகுக்கிறார்கள். செம்பிறைச் சங்கத்தினர் முதலுதவிக் கட்டுப் போடப் பழகுகிறார்கள். ஹாக்கி மட்டைகள் வெளியே வருகின்றன. அதே நேரத்தில் பள்ளி வாசலில் வேன்களும் காத்திருக்கின்றன. அவற்றில் ஏறி வீடு திரும்பும் மாணவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "இன்றைக்கு விளையாட்டுத்தானே, பாடமா நடக்கப் போகிறது?" என்பது பல வீடுகளில் சொல்லப்படும் காரணம். இந்தக் காரணம் சரியா என்பதே இங்கு ஆராயப்பட வேண்டிய கேள்வி.

சட்டத்தின் நிலை

புறப்பாடம் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இது தவறான எண்ணம். 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டமும் அதன் கீழ் வந்த 1997ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்ட விதிமுறைகளும் புறப்பாடத்தைக் கலைத்திட்டத்தின் ஓர் அங்கமாகவே வைத்துள்ளன. ஒரு மாணவர் சீருடை இயக்கம் ஒன்றிலும், கழகம் அல்லது சங்கம் ஒன்றிலும், விளையாட்டு ஒன்றிலும் பங்கு பெற வேண்டும். கணிதமும் வரலாறும் எப்படிப் பள்ளிக் கல்வியோ அப்படியே இதுவும் பள்ளிக் கல்விதான்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலும் பி.தி.3 தேர்வு 2022ஆம் ஆண்டிலும் ரத்து செய்யப்பட்டன. அதன் பின்னர் பள்ளியிலேயே நடத்தப்படும் மதிப்பீட்டுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. அந்த மதிப்பீட்டின் பகுதிகளில் ஒன்று மாணவரின் உடற்பயிற்சி, விளையாட்டு, புறப்பாடப் பதிவு. மாணவர் கூட்டத்துக்கு வந்தாரா, பொறுப்பு ஏதேனும் வகித்தாரா, எத்தகைய ஈடுபாடு காட்டினார், என்ன சேவை செய்தார், எந்த நிலை வரை போட்டியிட்டார் என்பன எல்லாம் அங்கே புள்ளிகளாகப் பதிவாகின்றன.

பத்துப் புள்ளிகளின் விலை

அரசாங்க உயர்கல்விக்கூடங்களுக்கு விண்ணப்பம் செய்யும்போது மாணவரின் தகுதிப் புள்ளி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பெற்றோர் அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தேர்வு முடிவுக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு. பத்துதானே என்று அலட்சியமாக நினைப்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டு மாணவர்கள் எஸ்.பி.எம். தேர்வில் சமமான தேர்ச்சி பெற்றிருப்பதாகக் கொள்வோம். இருவருக்கும் 90க்கு 80 புள்ளி. ஒருவர் ஐந்து ஆண்டுகளும் செம்பிறைச் சங்கத்தில் இருந்து, அதன் பொருளாளராகவும் பணியாற்றியவர். அவருக்குப் புறப்பாடத்தில் 8 புள்ளி. மற்றவர் பெயரை மட்டும் பதிந்துவிட்டுப் புதன்கிழமைதோறும் வேன் ஏறியவர். அவருக்கு 3 புள்ளி. முதல்வருக்கு 88, இரண்டாமவருக்கு 83. அரைப் புள்ளியும் கால் புள்ளியும் இடத்தை முடிவு செய்கின்ற துறைகளில் ஐந்து புள்ளி என்பது எவ்வளவு பெரிய இடைவெளி! அதைத் தேர்வில் ஈடுகட்ட எத்தனை பிரத்தியேக வகுப்புகளுக்குப் போக வேண்டியிருக்கும்!

இந்தப் புள்ளிகளைப் பெற ஒருவர் மாநில வீரராக இருக்க வேண்டிய அவசியமில்லை. தவறாமல் வருவதற்கே புள்ளி உண்டு. செயலாளர், பொருளாளர், குழுத் தலைவர் போன்ற சிறு பொறுப்புகளுக்கும் உண்டு. ஓடத் தெரியாத பிள்ளைக்கும் பாடத் தெரியாத பிள்ளைக்கும் திறந்திருக்கும் கதவு இது. அதைப் பெற்றோரே சாத்தி விடுவதுதான் வேதனை.

வாய் திறக்கும் இடம்

புள்ளிக் கணக்கைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளை முதலாம் படிவத்துக்கு வரும்போது தமிழ், ஆங்கிலம் நீங்கலான பாடங்களைப் பெரும்பாலும் மலாய் மொழியில் எதிர்கொள்கிறது. நேற்றுவரை "பின்னம்" என்று படித்தது இன்று வேறு பெயரோடு கரும்பலகையில் நிற்கிறது. விடை தெரிந்திருந்தும் சொல்லத் தெரியாமல் பின் வரிசையில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! புகுமுக வகுப்பு என்ற ஏற்பாடே இந்த இடைவெளியை நிரப்புவதற்காக வந்தது. அதில் ஓராண்டைக் கழித்துவிட்டுப் படிவம் ஏறிய தலைமுறைகள் பல.

நாற்பது பேர் இருக்கும் வகுப்பறையில் ஒரு பிள்ளை வாய் திறந்து பேசக் கிடைக்கும் நேரம் மிகவும் குறைவு. சாரணர் முகாமில் அப்படி இருக்க முடியாது. கூடாரக் கயிற்றை யார் இழுப்பது, தண்ணீர் யார் கொண்டு வருவது, அரிசி வெந்துவிட்டதா என்று பக்கத்தில் இருப்பவரிடம் பேசித்தான் ஆக வேண்டும். அந்தப் பக்கத்தில் இருப்பவர் மலாய்க்கார மாணவராக இருப்பார், சீன மாணவராக இருப்பார். அணிவகுப்பில் "செடியா" என்று உரக்கக் கட்டளை இடும் பிள்ளைக்குக் கூச்சம் தானாகவே கழன்று விழுகிறது. இலக்கணப் பிழையைப் பற்றி அங்கே யாரும் சிரிப்பதில்லை. காரியம் நடந்தால் போதும்.

எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய் மொழியில் தேர்ச்சி கட்டாயம். 2013ஆம் ஆண்டு முதல் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். மலாய், ஆங்கிலம் இரண்டுக்கும் பேச்சுத் தேர்வும் இருக்கிறது. பேசிப் பழகாத வாய் தேர்வு நாளில் மட்டும் எப்படிப் பேசும்? ஆகவே புதன்கிழமைத் திடல் ஒரு மொழி வகுப்பும்கூட. அதற்குக் கட்டணம் இல்லை.

படிப்பு கெட்டுவிடுமா?

விளையாட்டில் இறங்கினால் படிப்பு போய்விடும் என்ற அச்சம் பழையது. இந்த நாட்டின் வரலாற்றிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கங்களை வென்றவர் டாக்டர் எம். ஜெகதீசன். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017ஆம் ஆண்டு வரை, 49 ஆண்டுகள் நிலைத்து நின்றது. அவர் ஒரு மருத்துவர். ஓட்டத்தை விட்டால்தான் மருத்துவராகலாம் என்றோ, மருத்துவம் படித்தால் ஓட முடியாது என்றோ அவருடைய வாழ்க்கை சொல்லவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்பாரும் உண்டு. அதே 1966ஆம் ஆண்டு அதே பேங்காக்கில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர் எம். ராஜமணி. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ப் பெண் திடலில் இறங்கி நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்திருக்கும்போது, இன்று ஒரு பெண் பிள்ளை வலைப்பந்து ஆடத் தயங்குவானேன்?

எல்லாரும் ஜெகதீசனாகவும் ராஜமணியாகவும் ஆக முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. திடலில் கற்ற ஒழுங்கு படிக்கும் மேசைக்கும் வந்து சேரும் என்பதே இங்கு எடுத்துக்கொள்ள வேண்டியது. சரியான நேரத்துக்கு வருவது, தோற்றாலும் மறுவாரம் மீண்டும் வருவது, ஒரு குழுவில் தன் பங்கைச் செய்து முடிப்பது ஆகியவற்றை எந்தப் பாடநூலும் தனியே கற்றுத் தருவதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று முன்னோர் சும்மா சொல்லவில்லை.

உண்மையான தடைகள்

பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. காலை ஐந்தரை மணிக்கு எழுந்து பள்ளிக்கு வந்த பிள்ளை மாலை நான்கு மணி வரை தங்க வேண்டும் என்றால் மதிய உணவுக்குப் பணம் வேண்டும். மாத வாடகை வேன் ஒரு முறைதான் வரும். மாலையில் தனியே கூட்டிச் செல்ல ஆள் வேண்டும். தாயும் தந்தையும் தொழிற்சாலை வேலைக்குப் போகின்ற வீட்டில் அது எளிதல்ல. சீருடை, காலணி, முகாம் கட்டணம் என்று செலவும் உண்டு. இருவேளைப் பள்ளிகளில் முதலாம், இரண்டாம் படிவ மாணவர்கள் பிற்பகலில் படிப்பதால் அவர்களுக்கு வேறு நேரம் ஒதுக்கப்படும். அதற்கென்று மீண்டும் ஒரு பயணம்.

எதிர்ப்புறத்தில் வேறொரு தவறும் நடக்கிறது. சில வீடுகளில் பரதம், கராத்தே, நீச்சல், பேச்சுப் போட்டி என்று பிள்ளையின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றி விடுகிறார்கள். குருவி தலையில் பனங்காய் வைத்த கதைதான். மூன்று போதும், அந்த மூன்றில் ஒன்றிலாவது ஐந்தாண்டு நிலைத்து நிற்பது பத்துச் சான்றிதழ்களைவிடச் சிறந்தது.

தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்மொழிக் கழகத்தோடும் காற்பந்தோடும் நின்றுவிடுவதும் கவனிக்கத்தக்கது. தமிழ்மொழிக் கழகம் அவசியம் இருக்க வேண்டும். ஒரு பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக் கொண்டால் அங்கே தமிழ் போதிக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும் என்று கல்விச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமையை உயிரோடு வைத்திருக்க ஒரு கழகம் பெருந்துணை. ஆனால் சீருடை இயக்கத்திலும் விளையாட்டிலும் பிற இன மாணவர்களோடு கலந்து பழகுவதே பிள்ளைகளுக்கு நன்மை தரும்.

செய்யக் கூடியவை

பெற்றோர் ஆண்டுத் தொடக்கத்திலேயே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: பிள்ளை எந்த இயக்கத்தில் இருக்கிறது? பொறுப்பாசிரியர் யார்? இதுவரை வருகை எவ்வளவு? நற்சான்றிதழ்களை ஒரு கோப்பில் சேர்த்து வைப்பதும், புள்ளிகள் சரியாகப் பதிவாகி இருக்கின்றனவா என்று ஆண்டுதோறும் பார்ப்பதும் அவசியம். ஐந்தாம் படிவம் முடிந்த பிறகு ஓடி அலைந்து பயனில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் நினைத்தால் நான்கைந்து குடும்பங்களை இணைத்துப் புதன்கிழமைக்கு மட்டும் ஒரு வேன் ஏற்பாடு செய்யலாம். மூத்த மாணவர்களின் பழைய சீருடைகளைச் சேகரித்து இளையவர்களுக்குக் கொடுக்கலாம். தாமான் ஆலயங்களும் அரசு சாரா இயக்கங்களும் அங்கங்கே நல்ல முறையில் பிரத்தியேக வகுப்புகளை நடத்தி வருகின்றன. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த வட்டாரப் பள்ளியில் புறப்பாடம் நடைபெறும் நாளில் வகுப்பு வைக்காதீர்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. வகுப்பா, திடலா என்று பிள்ளை தவிக்கும் நிலை அதனால் நீங்கும்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 40 பள்ளி வாரங்கள் என்றால், முதலாம் படிவத்திலிருந்து ஐந்தாம் படிவம் வரை ஒரு பிள்ளைக்குச் சுமார் 200 புதன்கிழமைகள் கிடைக்கின்றன. அந்த இருநூறும் வேன் சன்னலோரம் உறக்கத்தில் கழியலாம். அல்லது ஒரு கூச்சமுள்ள பிள்ளை நூறு பேருக்கு முன்னால் நின்று தெளிவாகப் பேசுகின்ற மனிதராக வளர்வதற்குத் துணை நிற்கலாம். எது நடக்க வேண்டும் என்பது இந்தப் புதன்கிழமையே வீட்டில் எடுக்கப்படும் முடிவைப் பொறுத்தது.