வண்டியும் கைப்பேசியும்



சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. 2001இல் சுரங்கங்கள் மூடப்படும் வரை, கூண்டேறி இறங்கிய நம் தந்தையரின் உயிர், மேலே பொறி இயக்கியவரின் கவனத்தில் அடங்கியிருந்தது. இன்று பங்காரப்பேட்டைச் சாலையில் வண்டியோட்டும் நம் பிள்ளைகளின் கவனத்தையோ கைப்பேசி கவர்கின்றது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திற்கு 2019இல் வந்த திருத்தம், கைப்பேசியைக் கையிலேந்தி ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலுள் சேர்த்தது. முதற்குற்றத்திற்கே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதித்தது. கவனம் சிதறாவண்ணம் வழியறிய மட்டும் 2020ஆம் ஆண்டு விதி இடந்தந்தது.

ஆயினும், ஓட்டுபவரை அழைப்போர் வீட்டிலிருக்கும் நாமன்றோ? அவர் வண்டியிலிருக்கும் வேளையை நாம் அறிவோம், அவ்வேளையில் அழையாதிருப்போமாக.