குழந்தையின் கண்ணும் பெற்றோர் கடமையும்

பிறந்த குழந்தையைக் கண்டதும் அது யார் சாயல் என்று ஆராய்வதே நம் வீடுகளில் முதல் வேலை. மூக்கு அப்பாவுடையது, நிறம் பாட்டியுடையது என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தக் குழந்தை நம்மைப் பார்க்கிறதா என்று ஆராய்பவர் சிலரே. அதைப்பற்றித்தான் இப்போது பேச எண்ணுகிறேன்.

கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரியும் பாவைக்குப் பின்னால், பளிங்குபோல் தெளிந்த வில்லை ஒன்று உண்டு. முதுமையில் அது மங்குவதையே கண்புரை என்கிறோம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அது மங்கியிருக்கும். அப்போது பாவை வெளிறித் தோன்றலாம். இரண்டு மாதம் நிறைந்தும் குழந்தை தாயின் முகத்தில் பார்வையை நிறுத்தாமல் இருக்கலாம். கண்கள் ஓயாமல் அலையலாம். "இன்னும் கண் நிலைக்கவில்லை, போகப்போகச் சரியாகும்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வர். அந்த ஆறுதலில் அன்பு உண்டு, ஆபத்தும் உண்டு. வெளிறிய பாவை, அரிதாக, விழித்திரையில் தோன்றும் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கக்கூடும். ஆதலால் கண்டவுடனே கண் மருத்துவரை நாடுவதே முறை. தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விட்டால் புரை கரையாது. கண்ணில் புண் உண்டாகலாம்.

முதியவருக்கு வந்த புரையைச் சில மாதம் கழித்து அகற்றினாலும் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். குழந்தைக்கு அவ்வாறன்று. பார்ப்பது கண் மட்டும் செய்யும் தொழிலன்று. மூளை பயின்று அடையும் கல்வி. இளம்பருவத்தில் ஒரு கண்ணை மூடிவைத்தால், பிறகு அதைத் திறந்தாலும் மூளை அக்கண்ணைப் புறக்கணிக்கிறது என்பதைப் பூனைக்குட்டிகளிடம் ஆராய்ந்து காட்டிய ஹியூபெல், வீசல் என்னும் அறிஞர்கள் 1981-இல் நோபல் பரிசு பெற்றனர். ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த புரை இருப்பின் பிறந்து சுமார் 6 வாரத்திலும், இரு கண்ணிலும் இருப்பின் சுமார் 10 வாரத்துக்குள்ளும் அகற்றுவது நலம் என்பது மருத்துவர் கருத்து.

இங்கேதான் வெளிமாநிலத் தமிழருக்கு ஒரு தனி இடர் உண்டு. பெங்களூரில் அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு வாழும் தமிழ்ப்பெண் தலைப்பிரசவத்துக்கு ஆம்பூரிலோ தருமபுரியிலோ உள்ள தாய்வீட்டுக்குப் போகிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையுடன் திரும்புகிறாள். அங்குள்ளோர், "பெங்களூர் போய்க் காட்டிக்கொள்ளலாம்" என்கின்றனர். இங்குள்ள தந்தையோ, அங்கேயே பார்த்திருப்பார்கள் என்று நம்புகிறார். இருவர் நம்பிக்கைக்கும் நடுவே அந்தப் பத்து வாரங்கள் கழிந்துபோகின்றன. வழக்கத்தை விட வேண்டியதில்லை. மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதிருந்தால் போதும். பெங்களூரில் 1896-இல் தோன்றிய மின்டோ அரசுக் கண் மருத்துவமனை உண்டு. தமிழ்நாட்டில், டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று பல ஊர்களில் பரவியிருக்கிறது. எங்கே அறுவை செய்தாலும் அதன் குறிப்புகளைப் பத்திரமாக எடுத்து வாருங்கள்.

குறை தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "யாரால் வந்தது?" என்பதே. கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று தாயின்மேல் பழி விழுகிறது. கிரகணம் புரை தருவதில்லை. 1941-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்னும் கண் மருத்துவர், புரையுடன் பிறந்த 78 குழந்தைகளைப்பற்றி எழுதினார். அவர்களுடைய தாய்மாரில் பெரும்பாலோர்க்குக் கருவுற்ற தொடக்கத்தில் ருபெல்லா அம்மை கண்டிருந்தது. காத்திருந்த தாய்மார் தமக்குள் பேசியதைக் காதில் வாங்கியே அவருக்கு இவ்வுண்மை புலப்பட்டது என்பர். தாயைக் குற்றம் சாட்டாமல், அவள் சொல்லைக் கேட்டதால் விளைந்த நன்மை இது! ருபெல்லாவைத் தடுக்கும் ஊசியைப் பிள்ளைகளுக்குப் பெருமளவில் இடும் இயக்கம், 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட பகுதிகளில்தான் முதலில் தொடங்கியது. சில குழந்தைகளுக்குப் பரம்பரையாலும் புரை வரும். பலருக்குக் காரணமே விளங்குவதில்லை.

அறுவையோடு வேலை முடிந்துவிடாது. பெற்றோர் பொறுமைக்கு அப்போதுதான் சோதனை. வில்லையை அகற்றிய கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் தடித்த கண்ணாடி வேண்டும். அது இழுத்து எறியும்; நாடா கட்டி மறுபடியும் அணிவிக்க வேண்டும். ஒரு கண் மந்தமாயிருந்தால், நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைக்கச் சொல்வர். குழந்தை அழும், "நன்றாய்த் தெரியும் கண்ணை ஏன் மறைக்கிறாய்?" என்று பாட்டி சினப்பார். மந்தக் கண் உழைத்தாலன்றி அதற்குப் பார்வை வளராது என்பதை வீட்டார் எல்லோரும் அறிந்திருந்தால் தாய்க்குச் சுமை பாதியாகும். கண்ணின் அழுத்தம் பின்னாளில் ஏறக்கூடுமாதலால், பல ஆண்டுகள் பரிசோதனையும் தொடர வேண்டும். ஒரு தடவை தந்தை விடுப்பெடுக்கட்டும். மறு தடவை சித்தப்பா துணைபோகட்டும்.

காலம் கடந்து கண்டறிந்தோரும் மனம் தளரலாகாது. பவன் சின்ஹா என்னும் அறிஞர் தொடங்கிய 'பிரகாஷ்' திட்டத்தின் வழியாக, சிறுவயது கடந்தபின் அறுவை பெற்ற இந்தியப் பிள்ளைகள் சிலர் முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணக் கற்றனர். பார்வை முழுமை பெறாவிடினும் பயனுள்ள பார்வை கிட்டலாம். அதுவும் குறைந்த பிள்ளைக்கு வகுப்பில் முன்வரிசையும், பெரிய எழுத்துப் புத்தகமும், தேவைப்பட்டால் பிரெயிலும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு வழங்கும் தனித்துவ அடையாள அட்டை எல்லா மாநிலங்களிலும் செல்லும். ஊர்விட்டு ஊர் வந்தவர்க்கு இது பெரும் உதவி.

நேயர்களே! உங்கள் வீட்டிலோ அண்டைவீட்டிலோ கைக்குழந்தை இருந்தால், அதன் முகத்துக்கு நேரே உங்கள் முகத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். இரண்டு மாதம் கடந்தும் அதன் கண் உங்களைத் தொடராவிடில், நல்ல நாளுக்குக் காத்திராமல் புறப்படுங்கள்.